ஓசூருக்கு கம்பெனிகள் தேடி வருவது ஏன்? ஒரு சிறு நகரம் தொழில் நகரமானது எப்படி? ஊருக்கு கிடைத்தது என்ன? முழு விவரம்!

காலை 6 மணி ஷிஃப்ட் நேரத்தில் ஓசூர் பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யூனிஃபார்ம் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு கூட்டம் நிற்கும். வரிசையாக வரும் கம்பெனி பஸ்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு சிப்காட், சூளகிரி, தேன்கனிக்கோட்டை என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகும்.

50 வருடங்களுக்கு முன்பு இந்த ஊரில் இதெல்லாம் கிடையாது. கேழ்வரகும் காய்கறியும் விளையும் ஒரு எல்லையோர ஊர், அவ்வளவுதான். இன்று லாரி, பைக், வாட்ச், தங்க நகை, எலக்ட்ரிக் ஸ்கூட்டர், செல்போன் பாகங்கள் வரை இந்தப் பகுதியில் தயாராகிறது.

'எங்க ஊருக்கும் ஒரு கம்பெனி வராதா?' என்று தமிழ்நாட்டின் பல சின்ன நகரங்களில் கேட்கிறார்கள். ஓசூருக்கு மட்டும் எப்படி வந்தது? வந்ததால் ஊருக்கு நிஜமாகவே என்ன கிடைத்தது? எது கிடைக்கவில்லை? பார்க்கலாம்.

முதல்ல, ஓசூர் எங்க இருக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது ஓசூர். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழியும் புழங்கும் ஊர். மேட்டு நிலம் என்பதால் வெயில் காலத்திலும் மற்ற ஊர்கள் அளவுக்குச் சூடு தெரியாது.

1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூர் அதில் சேர்ந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்றைய தர்மபுரி, மாநிலத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. மானாவாரி விவசாயம், மழை பொய்த்தால் பஞ்சம், வேலை தேடி வெளியூர் போகும் மக்கள். அந்தப் பின்தங்கிய நிலைதான் ஓசூருக்கு முதல் கதவைத் திறந்தது.

1970-களில் அரசு செய்த முதல் வேலை

தொழிற்சாலை தொடங்க நினைப்பவருக்கு முதல் தலைவலி இடம். நூறு பேரிடம் பேசி, பத்திரம் பார்த்து, வில்லங்கம் தீர்த்து நிலம் வாங்குவதற்குள் பாதி காலம் போய்விடும். பிறகு ரோடு, தண்ணீர், கரண்ட்.

இந்த வேலையை அரசே முன்கூட்டிச் செய்து வைப்பதற்காக 1971-ல் தொடங்கப்பட்டதுதான் சிப்காட். மொத்தமாக நிலம் எடுப்பது, மனைகளாகப் பிரிப்பது, சாலையும் தண்ணீரும் கொண்டு வருவது, பிறகு கம்பெனிகளுக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுப்பது, இதுதான் அதன் வேலை. சிப்காட் தொடங்கிய சில வருடங்களிலேயே வளாகம் அமைந்த ஊர்களில் ஓசூரும் ஒன்று.

அதே காலத்தில் பின்தங்கிய பகுதிகளில் தொழில் தொடங்கினால் முதலீட்டு மானியம், குறைந்த வட்டிக் கடன், விற்பனை வரிச் சலுகை என அரசுகள் கொடுத்தன. சின்ன பட்டறைகளுக்காக சிட்கோ தொழிற்பேட்டையும் வந்தது.

சலுகை பல ஊர்களுக்கும்தான் கிடைத்தது. ஆனால் எல்லா ஊரும் ஓசூர் ஆகவில்லையே? காரணம், அடுத்து நடந்தது.

முதலில் வந்த 3 பெரிய கம்பெனிகள்

*அசோக் லேலண்ட்:* சென்னை எண்ணூரில் லாரி தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனம், 1980-ல் ஓசூரில் ஆலை தொடங்கியது.

*டிவிஎஸ்:* அதே 1980-ல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய மொபெட். பால்காரர், காய்கறி வியாபாரி, பள்ளிக்கூட வாத்தியார் என்று கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்த முதல் மோட்டார் வண்டி பல இடங்களில் இதுதான். 1984-ல் ஜப்பானின் சுசுகியுடன் சேர்ந்து மோட்டார் சைக்கிள் தயாரிப்பும் தொடங்கியது.

*டைட்டன்:* 1984-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். டாடா குழுமமும், தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது. வாட்ச் ஆலைக்குத் தேர்வான இடம் ஓசூர்.

இதில் டைட்டன் கதை கொஞ்சம் தனி. வாட்ச் செய்யத் தெரிந்த ஆட்கள் அன்று இந்தப் பகுதியில் இல்லை. அதனால் நிறுவனம் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படிப்பை முடித்த இளைஞர்களைத் தேர்வு செய்து, பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தது. அதுவரை ஃபேக்டரியையே பார்க்காத கிராமத்துக் குடும்பங்களில் இருந்து வந்த பிள்ளைகள், நுணுக்கமான வாட்ச் பாகங்களைப் பொருத்தக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் ஊரில் வீடு எழும்பியது, கடை பெருகியது, அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போனது.

அரசே பங்குதாரர்: இந்த விஷயம் பலருக்குத் தெரியாது

டைட்டனில் இன்றும் தனியாக அதிகப் பங்கு வைத்திருப்பது எது தெரியுமா? தமிழ்நாடு அரசின் டிட்கோ. சுமார் 27.9 சதவீதம். தனிஷ்க் நகைக்கடைகளும் இதே டைட்டனுடையதுதான்.

அதாவது, அரசு வெறும் சலுகை கொடுத்து ஒதுங்கிக்கொள்ளவில்லை. தொடக்கத்திலேயே பங்கு போட்டது. கம்பெனி வளர வளர அந்தப் பங்கின் மதிப்பும் வளர்ந்தது, வருடா வருடம் டிவிடெண்டும் வருகிறது. ஒரு கம்பெனியைக் கொண்டு வருவதற்கு நிலமும் வரிச் சலுகையும் மட்டும்தான் வழி என்றில்லை என்பதற்கு இது ஒரு உதாரணம்.

ஒரு பெரிய கம்பெனி, நூறு சின்ன பட்டறை

ஒரு பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கும். எல்லாவற்றையும் பைக் கம்பெனியே செய்வதில்லை. ஒருவர் இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அடித்துக் கொடுப்பார். ஒருவர் லேத்தில் கடைந்து கொடுப்பார். இன்னொருவர் பெயின்ட் அடிப்பார், வேறொருவர் ரப்பர் புஷ் செய்வார். இவர்களைத்தான் வெண்டர்கள் என்கிறோம்.

பெரிய கம்பெனி சரக்கை மொத்தமாக வாங்கி குடோனில் அடுக்கி வைக்க விரும்பாது. தேவைப்படும் நேரத்தில் வந்து சேர வேண்டும். அதனால் வெண்டர் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. ஓசூரில் மூன்று பெரிய கம்பெனிகள் அருகருகே அமைந்ததால், ஒரே பட்டறை பல கம்பெனிகளுக்கு வேலை செய்ய முடிந்தது. ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்தாலும் இன்னொன்று கை கொடுத்தது.

இப்படி உருவானதுதான் ஓசூரின் சிறு தொழில் உலகம். கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்து, தொழில் பழகி, ஒரு லேத் வாங்கிப் போட்டு முதலாளி ஆனவர்கள் இங்கே ஏராளம். சிறு, குறு தொழில் முனைவோருக்கென்று ஹோஸ்டியா என்ற சங்கமும் இருக்கிறது.

அடுத்து ஒரு புதிய கம்பெனி இடம் தேடும்போது ஓசூரைப் பார்த்தால் என்ன தெரியும்? டூல் செய்யத் தெரிந்தவர், மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், ஃபிட்டர், வெல்டர் எல்லாம் ரெடியாக இருக்கிறார்கள். எந்த மானியத்தாலும் ஒரே நாளில் உருவாக்க முடியாத சொத்து இது. பல வருடம் ஆகும். ஓசூரின் உண்மையான பலமே இதுதான்.

பெங்களூரு பக்கத்துல இருப்பது வரமா?

பெரும்பாலும் வரம்தான். இன்ஜினியர்கள், பெரிய மருத்துவமனை, விமான நிலையம், வாங்கும் சந்தை எல்லாமே கைக்கெட்டும் தூரம். ஆனால் நிலத்தின் விலையும் வாடகையும் பெங்களூரை விடக் குறைவு.

பெங்களூரு ஐடி நகரமாக வளர்ந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை நீண்டபோது, அதே சாலையில்தான் ஓசூரும் இருந்தது. 2010-ல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை திறக்கப்பட்டதும் பயணம் இன்னும் எளிதானது.

இன்னொரு மாற்றம் 2017-ல் வந்தது. அதற்கு முன்பு மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்குத் தனி வரி, ஜூஜுவாடியில் வணிகவரி சோதனைச்சாவடி, நீண்ட லாரி வரிசை. ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சோதனைச்சாவடிகள் போயின. பெங்களூருக்கு சரக்கு அனுப்பும் ஓசூர் பட்டறைக்கு, மாநில எல்லை என்பது முன்பு போல் பெரிய தடையாக இல்லை.

அடி வாங்கிய காலம்

ஓசூர் ஒரே நேர்கோட்டில் மேலே போன ஊர் இல்லை.

2008-க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. குறிப்பாக 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் கரண்ட் கிடையாது. பெரிய கம்பெனி ஜெனரேட்டர் வைத்துச் சமாளிக்கும். ரெண்டு லேத் வைத்திருப்பவர் என்ன செய்வார்? டீசல் போட்டு ஓட்டினால் கூலி கூட மிஞ்சாது. சும்மா இருந்தால் பேங்க் தவணை நிற்காது. சின்ன பட்டறைகள்தான் அதிகம் அடி வாங்கின.

அடுத்த அடி 2019-ல். நாடு முழுக்க வண்டி விற்பனை சரிந்தது. அந்த செப்டம்பர் மாதம் அசோக் லேலண்ட் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது. எண்ணூருக்கு 16 நாள், ஓசூருக்கு 5 நாள். பெரிய ஆலை 5 நாள் மூடினால், அதை நம்பி இருக்கும் பட்டறைக்கும் 5 நாள் வேலை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு 5 நாள் சம்பளம் இல்லை. மெஸ், டீக்கடை வரை வருமானம் குறையும்.

ஒரே துறையை நம்பி இருக்கும் ஊருக்கு இதுதான் ஆபத்து. அந்தத் துறைக்கு ஜலதோஷம் பிடித்தால் ஊருக்கே காய்ச்சல் வரும்.

மறுபடி எழுந்தது எப்படி?

அதே 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. அந்த டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த ஏத்தர் நிறுவனம் ஓசூரில் ஆலை அமைக்க ஒப்பந்தம் போட்டது. 2021-ல் அங்கே தயாரிப்பு தொடங்கியது. டிவிஎஸ் தன் ஐக்யூப் எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ஓசூரில் தயாரிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் ஆலை வந்தது. சூளகிரி பக்கம் சிம்பிள் எனர்ஜி வந்தது.

பெங்களூரில் தொடங்கிய ஸ்டார்ட்அப்கள் ஆலைக்கு ஓசூர் பக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆராய்ச்சி ஆபீஸ் அங்கே, வண்டிப் பாகம் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே.

வாகனத்தைத் தாண்டி அடுத்த துறையும் வந்தது. தேன்கனிக்கோட்டை அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராகின்றன. இங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுவட்டார கிராமங்கள் மட்டுமில்லாமல் ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் இருந்தும் பெண்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள்.

2025 மார்ச் பட்ஜெட்டில் ஓசூருக்கு டைடல் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதே வருடம் செப்டம்பரில் ஓசூரிலேயே முதலீட்டாளர் மாநாடு நடந்து, 24 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கணும். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கம்பெனி கிடையாது. 'வர விருப்பம் இருக்கு' என்பதற்கான கையெழுத்து. நிலம் கைக்கு வந்து, கட்டடம் எழும்பி, ஆள் எடுத்த பிறகுதான் அது வேலைவாய்ப்பு.

ரோஜாவும் ஒரு தொழில்தான்

ஓசூர் என்றாலே ஃபேக்டரி மட்டும் இல்லை. இந்தக் குளிர்ந்த காற்று ரோஜாவுக்கு ஏற்றது. பாகலூர், தளி, பேரிகை பக்கம் பசுமைக்குடில் அமைத்து ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14 காதலர் தினத்துக்கு முன்பு 'தாஜ்மஹால்' என்ற சிவப்பு ரோஜாவுக்கு இங்கே தனி மவுசு. பெங்களூரு விமான நிலையம் வழியாக வெளிநாட்டுக்கும் போகிறது.

மலர் ஏற்றுமதிக்காக டிட்கோ ஒரு தனியார் நிறுவனத்துடன் சேர்ந்து ஓசூர் அருகே தான்ஃப்ளோரா பூங்காவை அமைத்தது. டைட்டனில் செய்த அதே முறை, பூவிலும். ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ, மண்ணோ காற்றோ கைத்தொழிலோ, அதிலிருந்து தொடங்கும் தொழில் அவ்வளவு எளிதில் ஊரை விட்டுப் போகாது.

சரி, ஊருக்கு என்ன கிடைக்குது?

இங்கேதான் பலரும் தவறாக நினைப்பது. 'இவ்வளவு பெரிய கம்பெனி இருக்கே, மாநகராட்சிக்கு வரி கொட்டுமே!' என்பார்கள். நிலைமை அப்படி இல்லை.

*ஜிஎஸ்டி:* இந்த வரி பொருள் தயாராகும் ஊருக்குப் போவதில்லை. பொருள் விற்பனையாகும் மாநிலத்துக்குப் போகும். ஓசூரில் செய்த ஸ்கூட்டரை லக்னோவில் ஒருவர் வாங்கினால், மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. அதில் மாநகராட்சிக்கு நேரடியாக எதுவும் வராது.

*சொத்து வரி:* இது உள்ளாட்சிக்கு வரும். ஆனால் ஆலை எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த உள்ளாட்சிக்கு மட்டும். ஆலை பக்கத்து ஊராட்சியில், தொழிலாளர் குடியிருப்பது மாநகராட்சியில் என்றால், வரி ஒரு இடம், குப்பையும் சாக்கடையும் இன்னொரு இடம்.

*தொழில் வரி:* சம்பளம் வாங்குபவர்களிடம் உள்ளாட்சி வசூலிப்பது. ஆனால் ஒருவருக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான் என்று அரசியலமைப்புச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு இதைவிடக் குறைவு.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1,000 பேர் வேலை செய்யும் ஒரு ஆலை. எல்லோரும் அதிகபட்சத் தொழில் வரி கட்டினாலும் வருடத்துக்கு 25 லட்சம் ரூபாய்தான். அதே 1,000 பேர் வாடகை, மளிகை, சாப்பாடு, பஸ், பிள்ளைகள் படிப்பு என்று மாதம் ஆளுக்கு 5,000 ரூபாய் ஊருக்குள் செலவு செய்தால்? மாதம் 50 லட்சம். வருடத்துக்கு 6 கோடி ரூபாய்.

ஆக, ஒரு கம்பெனியால் ஊர் செழிப்பது முக்கியமாக இரண்டு வழியில்தான். ஒன்று, தொழிலாளி கையில் மிஞ்சும் சம்பளம். இன்னொன்று, உள்ளூர் பட்டறைக்குப் போகும் ஆர்டர். 'இத்தனை ஆயிரம் கோடி முதலீடு' என்பது தலைப்புச் செய்தி. ஊர்க்காரர் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்.

ஆர்டர் கிடைத்தால் மட்டும் போதாது, பணமும் நேரத்துக்கு வரணும். 2006-ம் வருடச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுக்கும் வரை வாங்கிய நிறுவனம் தன் செலவாகக் கணக்கில் கழிக்க முடியாது. பட்டறைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விதி இது.

இன்னொரு பக்கமும் இருக்கு

*தண்ணீர்:* நந்தி மலையில் உருவாகி பெங்களூரு புறநகர் வழியாக வரும் தென்பெண்ணை ஆறு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் அணையில் இருந்து வெளியேறும் தண்ணீரில் வெள்ளை வெளேர் என்று நுரை மலை போலக் குவிவதைப் பலமுறை டிவியில் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து கழிவுநீர் கலந்து வருவதன் அடையாளம் அது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே விவசாயம் நடக்கிறது. குடிநீரைப் பொறுத்தவரை, இந்தப் பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சினை இருந்ததால் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது.

*மக்கள் தொகை:* 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் சுமார் 1.17 லட்சம் பேர். பக்கத்து ஊர்களைச் சேர்த்த எல்லையில் சுமார் 2.45 லட்சம். அதற்குப் பிறகு வந்த கம்பெனிகள், வந்த மக்கள் எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அரசு நிதி ஒதுக்கீடுகள் பலவும் பழைய கணக்கை வைத்தே நடக்கின்றன. பத்து பேருக்கு வடித்த சோறு, பந்தியில் இருபது பேர் என்ற நிலை.

*வாடகை:* கம்பெனி வந்தால் வீட்டுக்காரருக்கு லாபம். ஆனால் கம்பெனியில் வேலை இல்லாத உள்ளூர் ஆசிரியர், ஆட்டோ டிரைவர், துப்புரவுத் தொழிலாளி எல்லோரும் அதே உயர்ந்த வாடகையைத்தான் கொடுக்க வேண்டும்.

*வேலையின் தரம்:* டைட்டன் காலத்தில் உள்ளே போனவர்கள் பலர் அங்கேயே ஓய்வு பெற்றார்கள். இன்று வாகன, எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஒப்பந்த, பயிற்சித் தொழிலாளர் முறை பரவலாகிவிட்டது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் வீட்டுக் கடன் வாங்க மாட்டார், ஊரில் வேர் விட மாட்டார்.

*எலக்ட்ரிக் மாற்றம்:* மின்வாகனத்தில் பிஸ்டன் இல்லை, கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை. 30 வருடமாக இன்ஜின் பாகம் செய்து வரும் பட்டறை இனி என்ன செய்யும்? புதிய மெஷின், புதிய பயிற்சி, அதற்குக் கடன் எல்லாம் தேவை. புது கம்பெனி வரவை கொண்டாடும் அதே ஊரில், பழைய பட்டறை சத்தமில்லாமல் மூடவும் வாய்ப்பு இருக்கிறது.

கம்பெனி எப்போதும் இங்கேயே இருக்குமா?

இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ஓசூரில் வளர்ந்த ஏத்தர், தன் அடுத்த ஆலைக்கு மகாராஷ்டிராவின் சத்ரபதி சம்பாஜிநகரைத் தேர்வு செய்து 2024-ல் அறிவித்தது. எல்லா மாநிலமும் போட்டி போட்டுச் சலுகை கொடுக்கும்போது இது நடக்கத்தான் செய்யும்.

அதனால்தான் ஓசூர் இப்போது போக்குவரத்து வசதியைக் கேட்கிறது. 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில் வருடத்துக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. பெங்களூரு விமான நிலையத்துடனான ஒப்பந்தப்படி, 2033 வரை அதைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் வரக்கூடாது. மைசூரு, ஹாசனுக்கு மட்டும் விலக்கு. ஓசூர் அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

மெட்ரோ பேச்சும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பெங்களூரின் மஞ்சள் வழித்தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. அங்கிருந்து ஓசூர் பக்கத்தில்தான். ஆனால் இரண்டு மாநிலம், இரண்டு நிர்வாகம் ஒத்துக்கொண்டால்தான் ரயில் எல்லையைத் தாண்டும்.

எல்லா ஊரும் ஓசூர் ஆகிடுமா?

ஆகாது. பெங்களூரை எல்லா ஊருக்கும் பக்கத்தில் கொண்டு வந்து வைக்க முடியாது. இன்னொன்று, சிப்காட் வந்தாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. ராணிப்பேட்டையும் தொடக்ககால சிப்காட் ஊர்தான். அங்கே மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு, பல வருடங்களாக நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி போய்விட்டது, கழிவு ஊரிலேயே தங்கிவிட்டது.

ஆனால் ஓசூரிடமிருந்து கற்றுக்கொள்ள முடியும். உங்க ஊருக்கு ஒரு கம்பெனி வருதுன்னா, முதலீட்டுத் தொகையைக் கேட்பதற்கு முன்பு இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்.

1. நேரடி நிரந்தர வேலை எத்தனை? ஒப்பந்த வேலை எத்தனை?

2. உள்ளூர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து எடுப்பார்களா? பக்கத்து ஐடிஐ, பாலிடெக்னிக்கோடு ஏதாவது ஏற்பாடு உண்டா?

3. உதிரிபாகம், சாப்பாடு, போக்குவரத்து இதில் எவ்வளவு உள்ளூரில் வாங்குவார்கள்?

4. தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள்? கழிவு எங்கே போகும்?

5. ஆலை எந்த உள்ளாட்சி எல்லைக்குள் வருகிறது? தொழிலாளர் எங்கே தங்குவார்கள்? அந்த ஊருக்கு ரோடு, குடிநீர், பள்ளிக்கூடத்துக்கான பணம் யார் தருவார்கள்?

6. நாளைக்கு இந்தக் கம்பெனி போனாலும் ஊரில் என்ன மிஞ்சும்?

ஆறாவது கேள்விதான் முக்கியம். ஓசூரில் அதற்கான பதில், மூன்று தலைமுறையாக மெஷினோடு பழகிய கைகளும், ஒன்றை நம்பி ஒன்று ஓடும் பட்டறைகளும். 2012 மின்வெட்டிலும் 2019 சரிவிலும் ஊர் விழுந்து எழுந்ததற்குக் காரணம் அதுதான். இனி வரும் எலக்ட்ரிக் மாற்றத்தில் அந்தப் பட்டறைகள் பிழைக்குமா, புதிய ஆலைகளில் வேலைக்கு வரும் பெண்கள் இங்கேயே வீடு எடுத்துத் தங்கும் அளவுக்குச் சம்பளமும் வேலை உறுதியும் கிடைக்குமா என்பதில்தான் ஓசூரின் அடுத்த 50 வருடம் இருக்கிறது.